என்டிட்டி: உருபொருளா, உள்பொருளா?

மென்பொருள் செய்யச் சொல்பவர் தம் தேவையை நாலு வரியில் பேச்சாகச் சொல்லிவிடுவார். அதைக் கட்டங்களும் கோடுகளுமாக மாற்றும் வேலையில் முதலில் எதிர்ப்படும் சொல் ‘என்டிட்டி’ (entity). அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? கணினி அறிவியலாளர் பீட்டர் சென் 1976இல் வெளியிட்ட கட்டுரைதான் இதைத் தரவுத்தளத் துறையில் நிலைநிறுத்தியது. தனித்து அடையாளம் காணக்கூடிய ஒரு ‘பொருள்’ என்பது அவர் தந்த விளக்கம். ஆள், நிறுவனம் என்பவற்றோடு நிகழ்ச்சியையும் எடுத்துக்காட்டாகச் சொன்னார். இந்த நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லின் வேர் இலத்தீன். ‘எஸ்ஸே’ என்றால் இருத்தல், ‘என்ஸ்’, இருப்பது. அதிலிருந்து இடைக்காலத் தத்துவ அறிஞர்கள் ‘என்டிடாஸ்’ என்ற பண்புப்பெயரை ஆக்கினார்கள். தமிழில் இதற்கு அச்சு அசலாக ஒரு சொல் உண்டு: உண்மை. உள் + மை, அதாவது உளதாம் தன்மை. உண்மைக்கு எதிர்ச்சொல் இன்மை என்று இருந்த காலம் போய், இன்று அது வாய்மையின் இடத்தில் உட்கார்ந்துவிட்டதால் நமக்கு உதவாது.

கலைச்சொல் பட்டியல்களில் என்டிட்டிக்கு ‘உருபொருள்’ என்ற சொல்லைப் பார்க்கலாம். எனக்கு அது ஒப்பவில்லை. ஏன் என்பதற்கு ஒரு நூலகத்தின் தேவையையே எடுத்துக்கொள்வோம்: “உறுப்பினர் ஒருவர் 3 நூல்கள் வரை இரவல் பெறலாம்; 15 நாளில் திருப்பித் தரவேண்டும்.”

பொதுப்பெயர் என்டிட்டி ஆகும், செயப்படுபொருள் குன்றாவினை உறவு ஆகும் என்று சென் 1983இல் ஆங்கில வாக்கியங்களுக்கு வழி சொன்னார். அது தமிழுக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது. வரைபடத்தில் என்டிட்டிக்குச் செவ்வகம், உறவுக்குச் சாய்சதுரம் போடுவது வழக்கம். உறுப்பினர், நூல் இரண்டும் செவ்வகங்கள். ‘பெறு’ நடுவே ஒரு சாய்சதுரம். சரி, திருப்பித் தரவேண்டிய தேதியை எங்கே எழுதுவது? அது உறுப்பினரின் பண்பும் அல்ல, நூலின் பண்பும் அல்ல. அந்த இரவலுக்கு உரியது. நாளைக்கே தவணை நீட்டிப்பு, தாமதக் கட்டணம் என்று தேவைகள் வளரும்போது இரவலுக்கும் தனிச் செவ்வகம் போடத்தான் வேண்டியிருக்கும். சென்னின் விதிகளில் இதற்கும் இடம் இருக்கிறது: தொழிற்பெயராக வருவது, உறவு மாறி என்டிட்டி ஆனது. ‘பெறு’ என்ற வினை ‘பெறல்’ என்ற பெயராகிவிட்டது, அவ்வளவுதான்.

இரவலுக்கு ஏது உரு? நிகழ்ச்சிக்கு ஏது உரு? ஆனால் இரண்டும் உள்ளவை. அதனால் ‘உள்பொருள்’ என்பதே என் தேர்வு. இல்பொருள் உவமையணியைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதாகத் தோன்றாது. ‘உட்பொருள்’ என்று மட்டும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். அது உள்ளே பொதிந்த கருத்தைக் குறித்துவிடும்.

இன்னொரு சிக்கல் ‘நூல்’ என்ற சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. நூலகத்தில் திருக்குறள் 5 இருந்தால் நூல் ஒன்றா, ஐந்தா? முன்பதிவு செய்பவர் கேட்பது நூலை. கையில் வாங்கிப் போவது அதன் ஒரு படியை, அதாவது பிரதியை. தேவையைச் சொன்னவர் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டார். நாம் இரண்டு செவ்வகம் போடவேண்டும். படி, நூலைச் சார்ந்து நிற்கும் உள்பொருள். ‘3ஆம் படி’ என்று மட்டும் சொன்னால், எந்த நூலின் 3ஆம் படி என்று நூலகர் திருப்பிக் கேட்பார்.