பானைக்குள் ஒரு குற்றப் பதிவேடு

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “நாங்கள் வீடு பார்த்திருக்கும் பகுதியில் வழக்குகள் அதிகமாம். வாங்க வேண்டாம் என்கிறார்கள். பதிவேடு பொய் சொல்லுமா?”

பொய் சொல்லாது. ஆனால் அதில் ஏறுவது நடந்த குற்றம் எல்லாம் அல்ல, கண்ணில் பட்ட குற்றம் மட்டுமே. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தாலும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் மிகக் கடுமையான ஒன்றைத்தான் எண்ணுகிறது. இதெல்லாம் சிறு குறை. என்னைக் கட்டிப்போட்டிருப்பது ஹங்கேரியக் கணிதர் ஜார்ஜ் போல்யாவின் பானை.

பானைக்குள் ஒரு சிவப்புக் கோலி, ஒரு நீலக் கோலி. பார்க்காமல் ஒன்றை எடுங்கள். அதைத் திரும்பப் போட்டு, அதே நிறத்தில் இன்னொன்றும் சேருங்கள். முதலில் சிவப்பு வந்தால், மறுபடியும் சிவப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. நூறு முறை எடுத்தபின் 102 கோலிகள் இருக்கும். சிவப்பும் நீலமும் ஏறக்குறைய பாதிப்பாதி என்றுதானே மனம் சொல்கிறது? இல்லை! சிவப்பு 1 முதல் 101 வரை எந்த எண்ணாக இருக்கவும் ஒரே அளவு வாய்ப்பு. தொடக்கத்தில் கைக்கு அகப்பட்ட சில கோலிகளே பானையின் தலையெழுத்தாகிவிடுகின்றன. என் மகளுடன் உட்கார்ந்து ஐந்து பானைகளில் செய்து பார்த்தேன். ஐந்தும் ஐந்து விதம்.

இப்போது குற்றம் சம அளவில் நடக்கும் இரண்டு தெருக்களை நினையுங்கள். பதிவு அதிகமுள்ள தெருவுக்கு ரோந்து அதிகம் போகிறது. போன தெருவில்தான் புதுப் பதிவு விழுகிறது. அதே பானை! அமெரிக்காவின் ஓக்லாந்து நகரப் போதைப்பொருள் பதிவுகளை, அடுத்த குற்றம் எங்கே நடக்கும் என்று சொல்லும் கணிப்பு மென்பொருளில் இட்டு 2016-இல் ஆராய்ந்தார்கள். ஆய்வுக் கணிப்புப்படி போதைப் பழக்கம் நகரெங்கும் பரவியிருந்தது. மென்பொருளோ முன்பே கைதுகள் குவிந்திருந்த பகுதிகளுக்கே மீண்டும் காவலரை அனுப்பச் சொன்னது.

நம் மண்ணில் இந்தப் பானை மனிதர்களையே விழுங்கியது. 1871-இல் வந்து 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட, சில சமூகங்களையே குற்றவாளிகள் என்று முத்திரையிட்ட குற்றப்பரம்பரைச் சட்டத்தை மக்கள் கைரேகைச் சட்டம் என்றார்கள். சிலரை இரவும் பகலும் கண்காணித்தால் வழக்கு அவர்கள் மீதுதான் குவியும். பிறவியிலேயே குற்றவாளி என்பதைவிடக் கொடிய மூடநம்பிக்கை எனக்குத் தெரியாது. அந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து பின்னர் விடுவிக்கப்பட்ட சமூகங்களான சீர்மரபினரின் பட்டியலில் சேலத்தின் பெயர் தாங்கிய பிரிவுகள் இன்றும் உள்ளன.

மாற்று வழி, வீடுவீடாகச் சென்று ‘உங்களுக்கு என்ன நேர்ந்தது’ என்று கேட்பது. பிரிட்டனில் 1982-இலேயே தொடங்கிவிட்டார்கள். கேமராக்களுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க வேண்டும் என்பேன்.

அம்மா, அந்தப் பகுதியில் எந்த வழக்கு அதிகம் என்று கேளுங்கள். வண்டித் திருட்டு என்றால் எண்ணை ஓரளவு நம்பலாம். காப்பீட்டுப் பணத்துக்கு முதல் தகவல் அறிக்கை வேண்டும் என்பதால் பறிகொடுத்தவர்களே நிலையத்துக்குப் போவார்கள். சூதாட்டம், கள்ளச்சாராயம் என்றால், அங்கே எத்தனை முறை சோதனை நடந்தது என்பதையும் கேளுங்கள்.