விசைப்படகாய் உறுமும் கம்ப்யூட்டர்

"அண்ணே, மிஷினை ஆன் பண்ணினா கடையே அதிருது. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல விசைப்படகு ஸ்டார்ட் பண்ற மாதிரி உறுமுது. பட்டா, சிட்டா எடுக்க வர்றவங்க பேசுறதே காதுல விழல. சர்வீஸ்காரர் வந்து பார்த்துட்டு போர்டே போச்சுங்கிறார். நெசமா?"

ராமேஸ்வரம் அருகே கடலோர ஊரான மண்டபத்தில் ஜெராக்ஸ் கடையும் இ-சேவையும் சேர்த்து நடத்தும் ஒரு தங்கச்சி அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவு இது. பின்னணியில் அந்த உறுமலும் கேட்டது. போர்டு, அதாவது எல்லா பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு, போகவில்லை. போயிருந்தால் மிஷின் வேலையே செய்திருக்காது. உறுமுவது விசிறி.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அசைகிற சாமான்கள் ரொம்பக் குறைவு. இரண்டு மூன்று விசிறி, பழைய மிஷினாக இருந்தால் ஒரு ஹார்ட் டிஸ்க், அவ்வளவுதான். மிஷினின் மூளையான சிப் (பிராசஸர்) தின்கிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். 65 வாட் சிப் என்றால், பழைய குண்டு பல்பு ஒன்றின் சூடு தபால்தலை அளவு இடத்தில் பிறக்கிறது. அதை அலுமினியத் தகடுகளுக்குக் கடத்தி, விசிறியால் ஊதித் தள்ளுகிறார்கள். பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும்படி வைத்திருந்தார்கள் அல்லவா? அதுபோல மதர்போர்டிலும் ஒரு காவலாளி உண்டு. சிப்பின் சூட்டை அளந்துகொண்டே இருந்து, ஏறினால் விசிறியை விரட்டும், இறங்கினால் விட்டுவிடும். மிஷின் கத்துகிறது என்றால் உள்ளே சூடு தேங்குகிறது என்று அர்த்தம். விசிறியின் வாயை மட்டும் கட்டினால் சிப் சூட்டில் திணறும்.

சூடு ஏன் தேங்குகிறது? கடலை விட்டுத் தள்ளியிருக்கும் பரமக்குடிப் பக்கம் மிஷினைத் திறந்தால் உள்ளே தூசி இருக்கும், ஊதினால் பறக்கும். மண்டபத்து தூசி பறக்காது. அலை உடையும்போது எழும் நுரைக்குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத துளிகளைக் காற்றில் எறிகின்றன. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்புத்துகள் மட்டும் மிதந்து வந்து ஜன்னல் வழியே உள்ளே நுழையும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருக்கும் நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவு ஈரம்கூட வேண்டாம், 33 சதவீதமே போதும். நம் கரையில் காற்று அந்த அளவுக்கு உலர்வது அபூர்வம். வாலிநோக்கத்து உப்பளத்திலிருந்து வாங்கிய கல்லுப்பு, ஜாடிக்குள் வியர்த்துக்கிடப்பதைப் பார்க்காத அடுக்களை உண்டா? அதே வியர்வைதான் தகடுகளுக்கு நடுவே தூசியைப் பிசைந்து ஈரக் கம்பளியாக விரித்துவைக்கிறது. விசிறி சுற்றுகிறது, காற்றுக்குப் போக வழியில்லை. மத்தியானம் கடைக்குள் வெயிலும் சேர்ந்துகொள்ள, காவலாளி விசிறியை முழு வேகத்துக்கு விரட்டுகிறது.

இங்கே ஒரு ஆதங்கம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபம் முகாமில் ஒரு அரிமான ஆய்வு மையம் இருக்கிறது. உப்புக்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்ப்பது அதன் வேலை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஆய்வு. ராக்கெட் மாதிரி டிவியில் காட்ட எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட பொறுமையான அறிவியலுக்குத்தான் நான் பணத்தை அள்ளிக் கொடுப்பேன். உப்புக்காற்று தின்ன மின்சாமான்களுக்கு இந்தக் கரையில் ஒவ்வொரு வீடும் வருஷா வருஷம் கப்பம் கட்டிக்கொண்டுதானே இருக்கிறது?

சரி, விசிறிக்கு வருவோம். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

வீட்டு மின்விசிறியின் ரெகுலேட்டரை 5-இல் வைத்துக் கேளுங்கள். பிறகு 2-க்கு இறக்குங்கள். காற்று ஓரளவுதான் குறையும், சத்தம் மட்டும் எங்கேயோ போய்விடும். இதில் ஏதோ அநியாயம் இருக்கிறது என்று தோன்றவில்லையா? வேகம் பாதியானால் காற்றும் பாதியாகிறது, நியாயம். சத்தம் மட்டும் ஏன் பாதியோடு நிற்கவில்லை?

கச்சான் காற்று வீசும் நாளில் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் பைக்கில் போயிருப்பீர்கள். சட்டை படபடவென்று அடித்திருக்கும். மெதுவாகப் போகும்போது நிதானமாக அசையும் துணி, வேகம் கூட்டினால் பலமாக அடிக்கும், அடிக்கடியும் அடிக்கும். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். படகுத் துடுப்புக்குப் பின்னால் தண்ணீர் சுருண்டு சுருண்டு போவது போல, விசிறி இதழின் ஓரத்திலிருந்தும் காற்று சிறுசிறு சுழிகளாகக் கழன்று போகிறது. ஒவ்வொரு சுழியும் கழலும்போது இதழை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போகும்.

வேகத்தை இரட்டிப்பாக்கினால் தட்டின் பலம் நான்கு மடங்காகும். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பது பள்ளியிலேயே படித்தது. சுழிகள் கழலும் வேகமும் இரண்டு மடங்காகும், அதாவது தட்டுகள் இரண்டு மடங்கு அடிக்கடி விழும். இனி நுட்பமான இடம். மாறாமல் சீராகத் தள்ளினால் காற்று நகருமே தவிர ஒலி எழாது. தள்ளுவது கூடிக்குறைந்தால்தான் ஒலி. எவ்வளவு சட்டென்று மாறுகிறதோ அவ்வளவு ஒலி. ஆக, நான்கு மடங்கு பலமான தட்டு இரண்டு மடங்கு விரைவாக மாறினால் ஒலியழுத்தம் 8 மடங்கு. அலை சுமக்கும் ஆற்றல் அழுத்தத்தின் இருமடி. எட்டெட்டு அறுபத்து நான்கு!

வேகம் இரண்டு மடங்கு, சத்தம் 64 மடங்கு. ஆறாம் அடுக்கு விதி. ஜெட் விமானம் ஏன் இரைகிறது என்று 1952-இல் கணக்குப் போட்ட ஜேம்ஸ் லைட்ஹில், திடப்பொருள் எதிலும் மோதாத காற்றோட்டத்துக்கு எட்டாம் அடுக்கு வரும் என்று காட்டினார். 1955-இல் கர்ல் என்பவர் அதில் ஒரு திடமான பரப்பைச் சேர்த்தபோது ஆறு வந்தது. நடைமுறையில் விசிறிப் பொறியாளர்கள் ஐந்தாம் அடுக்கை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் பாதி வேகத்தில் ஒலியாற்றல் 32-இல் ஒரு பங்குதான், 15 டெசிபல் குறைவு. காதுக்கு அது ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகத் தோன்றும்.

இந்தச் சலுகையை எப்படியெல்லாம் சுரண்டலாம் என்று பாருங்கள். முழு வேகத்தில் ஓடும் ஒரு விசிறிக்குப் பதில், பாதி வேகத்தில் இரண்டு விசிறிகள்: காற்று அதே அளவு, சத்தம் 16-இல் ஒன்று. ஒரே வடிவத்தில் வார்த்த விசிறியாக இருந்தால், விட்டம் ஒன்றரை மடங்கானால் ஒரு சுற்றுக்குத் தள்ளும் காற்று மூன்று மடங்குக்கும் மேல். 80 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அதன் இதழ்நுனி மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அதே காற்றை 120 மில்லிமீட்டர் விசிறி 900 சுற்றிலேயே தந்துவிடும், நுனி வேகம் 20 கிலோமீட்டர். பெரிய இதழுக்குப் பரப்பு அதிகம் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஆறாம் அடுக்குப்படி ஒலியாற்றல் 50 மடங்கு குறைகிறது. சின்ன விசிறி கத்தும், பெரிய விசிறி முணுமுணுக்கும்.

இரைச்சலுக்குள்ளேயே ஒரு சுருதியும் ஒளிந்திருக்கும். ஏழு இதழ் விசிறி நிமிடத்துக்கு 1800 சுற்று என்றால் நொடிக்கு 30 சுற்று, 210 இதழ்கள் ஓர் இடத்தைக் கடக்கும். 210 ஹெர்ட்ஸில் 'ஊம்' என்று ஒரு ரீங்காரம். கடலின் 'ஹோ'வைப் போன்ற கலவையான இரைச்சலைக் காது மன்னித்துவிடும், ஒற்றைச் சுருதியை மன்னிக்காது. மோட்டாரைத் தாங்க விசிறிச் சட்டத்தில் பெரும்பாலும் மூன்று நான்கு கால்கள் இருக்கும். இதழ் எட்டு, கால் நான்கு என்று வகுபடும்படி வைத்தால் பல இதழ்கள் ஒரே கணத்தில் கால்களைக் கடந்து ரீங்காரத்தைப் பெருக்கிவிடும். அதனால்தான் இதழ் ஏழு, கால் நான்கு என்று ஒத்துவராத எண்களாகப் பார்த்துச் செய்கிறார்கள். இருபது வருஷமாக இந்த விசிறிகளைக் கழற்றி மாட்டியும், இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்குத்தான் இதழ்களை எண்ணிப் பார்த்தேன்.

வைத்தியம் இப்போது சுருக்கமாக. மிஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பழைய டூத் பிரஷ்ஷால் தகடுகளுக்கு நடுவே உள்ள கம்பளியைச் சுரண்டி எடுங்கள். பாதி உறுமல் அங்கேயே போய்விடும். சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பயறளவு வையுங்கள். பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அடிப்படை செட்டிங் திரை) விசிறி வேகத்தைச் சிப்பின் சூட்டோடு பொருத்தும் வரைபடம் இருக்கும், அதைத் தாழ்த்துங்கள். பல இன்டெல் சிப்களுக்கு எல்லை 100 டிகிரி, 70-ஐப் பார்த்துப் பதற வேண்டாம். விண்டோஸின் பவர் செட்டிங்கில் பிராசஸரின் உச்ச அளவை 99 சதவீதமாக்கினால் பெரும்பாலான மிஷின்களில் டர்போ ஓட்டம், அதாவது சிப் தன் வழக்கமான வேகத்தை மீறி ஓடுவது, நின்றுவிடும். பட்டா பிரின்ட் எடுக்க டர்போ எதற்கு? ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் 120 ஹெர்ட்ஸ் அதிர்வு. தகரப்பெட்டி அதைக் குடம் போலப் பெருக்கும். சைக்கிள் ட்யூப்பை நறுக்கி அடியில் கொடுத்தால் அடங்கும்.

விசிறி 'கர கர' என்றால் அது காற்றின் சத்தமல்ல, எண்ணெய் வற்றிய அச்சு. வெண்கலத் தூளை அழுத்திச் செய்த சின்னக் குழலுக்குள் எண்ணெய் ஊறிக்கிடக்கும், சுழலும் தண்டு அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கும். ஸ்டிக்கரை உரித்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நான் விட்டுப் பார்த்தவன், மூன்று மாதத்தில் பிசினாகி விசிறியே நின்றுபோனது. பவர் சப்ளை டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் காத்திருக்கலாம்.

தங்கச்சி கடையில் இன்னொரு வைத்தியமும் நடந்திருந்தது. கண்ணு பட்டுவிட்டது என்று பெட்டிக்கு மேல் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. 'கதிர்வீச்சைத் தடுக்கும்' ஸ்டிக்கர் ஒன்று காற்று நுழையும் ஓட்டைகளின் மேலேயே ஒட்டியிருந்தது. எலுமிச்சையால் கெடுதல் இல்லை, தொங்கட்டும். ஸ்டிக்கர் விற்றவனைத்தான் தேடவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்தாள். உறுமல் அடங்கியது. திங்களன்று மறுபடி குரல்பதிவு: "அண்ணே, இப்ப டிக் டிக்குனு ஒரு சத்தம். முன்னாடி இந்த இரைச்சல்ல கேக்கல போல."

ஓர் இதழில் ஒயிட்னரால் பொட்டு வைத்து, மிஷினை அணைத்ததும் விசிறி மெல்ல நிற்கும் நேரத்தில் போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுக்கச் சொன்னேன். வெள்ளைப் பொட்டு ஒருமுறை சுற்றி வருவதற்குள் ஒரே ஒரு டிக் என்றால் ஏதோ ஓர் இதழில் பழுது. ஏழு டிக் என்றால் அசையாத இடத்தில் இருக்கும் எதையோ எல்லா இதழ்களும் தட்டிக்கொண்டு போகின்றன. எண்ணினோம், ஏழு. டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறாள். போன ஆயுத பூஜைக்குப் பின்பக்கக் கிரில்லில் வைத்த சந்தனம் உள்ளே வழிந்து முள் மாதிரி காய்ந்து நின்றிருக்கிறது.

ஸ்டேப்ளர் பின்னை வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டாளாம். இந்த வருஷம் பொட்டு மானிட்டருக்கு.