இன்ஸ்பையர்-மானக்: பிள்ளைக்கு வரவேண்டிய 10,000 ரூபாய் எங்கே நிற்கிறது?

அம்மா குனியாமல் களையெடுக்க ஒரு கருவி, பார்வை மங்கிய தாத்தாவுக்கு ஒரு கைத்தடி என்று பிள்ளைகளுக்கு யோசனை வரும். அதைச் செய்துபார்க்க மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 10,000 ரூபாய் தருகிறது. இன்ஸ்பையர்-மானக் விருது என்று பெயர். 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை என்றிருந்ததை இப்போது 12 வரை நீட்டியிருக்கிறார்கள். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதம் இல்லை, கட்டணமும் இல்லை. பின்னணி இவ்வளவு போதும்.

பிள்ளையோ பெற்றோரோ நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. பள்ளிதான் இணையதளத்தில் பதிய வேண்டும், ஒரு பள்ளி 5 யோசனைகள் வரை அனுப்பலாம். நல்ல யோசனைகள் பல இங்கேயே செத்துப்போகின்றன. பள்ளி பதிவே செய்திருக்காது. அல்லது பழைய தலைமையாசிரியர் மாறுதலில் போனபோது கடவுச்சொல்லும் அவரோடு போயிருக்கும். "சர்க்குலர் வரவில்லை" என்பார்கள். வரவில்லை என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் செப்டம்பர் வாக்கில் கதவு மூடிவிடும். பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே, "நம் பள்ளி பதிவு செய்துவிட்டதா?" என்று கேளுங்கள். பிள்ளையின் பெயரைப் பதிந்தபின் அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள். கொடுப்பதில் அவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

அப்புறம் பெயர். நம் ஊர் முன்னெழுத்து படுத்தும் பாடு சொல்லி மாளாது. பள்ளிப் பதிவேட்டில் 'மு. கவிதா', ஆதாரில் 'கவிதா முருகன்', வங்கியில் வெறும் 'கவிதா'. மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. தேர்வான பிறகு திருத்த ஓடினால் வங்கி பள்ளியைக் காட்டும், பள்ளி ஆதார் மையத்தைக் காட்டும். பதிவதற்கு முன்பே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கட்டும், அப்பா கணக்கைக் கொடுக்காதீர்கள். 10 வயது நிறைந்த பிள்ளை தானே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்க ரிசர்வ் வங்கி இடம் கொடுத்திருக்கிறது. கிளையில் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பழைய கணக்கு என்றால் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வருடம் வரவு செலவே இல்லையென்றால் முடக்கிவிடுவார்கள்.

யோசனை பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். எரிமலை மாதிரி, மழைநீர் சேகரிப்பு மாதிரி, யூடியூபில் பார்த்தது எதுவும் தேறாது. புதுமை இருக்கிறதா, சமூகத்துக்குப் பயன்படுமா, ஏற்கெனவே கிடைப்பதைவிட மேலானதா என்றுதான் பார்க்கிறார்கள். தேர்வான பிள்ளைகள் தாங்கள் செய்த மாதிரியை மாவட்டக் கண்காட்சியில் வைக்க வேண்டும். கடையில் செய்த மாதிரியை வாங்கிக்கொடுத்தால் அங்கே நடுவர் கேட்கும் இரண்டாவது கேள்விக்கே பிள்ளை தலைகுனிந்து நிற்கும். அந்த அவமானம் அதற்கு வேண்டாம்.

பணம் வந்ததும், "பள்ளிச் செலவுக்குக் கொஞ்சம் கொடு" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். மாதிரி செய்யவும் கண்காட்சிக்குப் போய்வரவும் அரசு அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த பணம் அது. செலவான ரசீதுகளை எடுத்து வையுங்கள்.

தேர்வுப் பட்டியலில் பெயர் இருந்தும் பணம் வரவில்லையா? முதன்மைக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள், நகலில் முத்திரை வாங்காமல் நகராதீர்கள். சரி, அதற்கும் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் அஞ்சல் ஆணை இணைத்து, அறிவியல் தொழில்நுட்பத் துறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.