புது டிஷ் வாங்குமுன் ஒரு நிமிஷம்

2010 ஜூலை. மன்னார்குடி பக்கத்தில் ஒரு வீடு, படம் நின்று நாலு நாள். "புது டிஷ் போடணும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க தம்பி" என்றார் அப்பாயி. மாடி ஏறிப் பார்த்தேன். டிஷ்ஷில் ஒரு நெளிவுகூட இல்லை, நட்டுதான் துருப்பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் தளர்த்தி, சிக்னல் மீட்டரைப் பார்த்துக்கொண்டே மெல்லத் திருப்பினேன். விட்டுவிட்டு அடித்த பீப் சத்தம் ஒரே இழுப்பாக நீண்டது. கீழேயிருந்து "வந்துருச்சு!" என்று குரல்.

கோளாறு மாடியில் இல்லை, வானத்தில். 2007 மார்ச்சில் 12 ஆண்டுக்கென ஏவிய இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரம் குறைந்து, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. சேனல்கள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரிக்கு மேலே இருந்த அதிலிருந்து, 91.5 டிகிரியில் இருந்த மீசாட்-3 என்ற இன்னொரு செயற்கைக்கோளுக்கு மாறின. நம் பக்கத்தில் டிஷ்ஷைத் தெற்கே நாலு டிகிரி திருப்பி, ரெண்டு டிகிரி நிமிர்த்தினால் போதும். அதற்குப் போய்ப் புது டிஷ்ஷா?

இப்படி நடுவில் படுப்பது அபூர்வம். வழக்கமாக ஆயுளை முடிப்பது எரிபொருள். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால், செயற்கைக்கோள் நமக்கு ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிகிறது. உண்மையில் சூரியனும் நிலவும் இழுத்து, அதன் பாதை ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி சாயப் பார்க்கும். அவ்வப்போது எரிபொருளைக் கொஞ்சம் செலவழித்து இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். வயலில் ஆயில் என்ஜின் நல்லாயிருந்தும் டீசல் தீர்ந்தால் தண்ணீர் நின்றுவிடுகிறதே, அதே கதைதான். டீசலை நாம் கேனில் கொண்டுபோய் ஊற்றலாம். செயற்கைக்கோள்களுக்குப் பெரும்பாலும் அந்த வழி இல்லை. கடைசிச் சொட்டுகளை மட்டும் மிச்சம் வைத்து, பின்னால் வருகிறதற்கு இடம் விட்டு மேலே ஒதுக்கிவிடுவார்கள். இன்சாட்-4பியையும் 2022 ஜனவரியில் 300 கிலோமீட்டருக்கும் மேலே ஏற்றி, அப்புறம்தான் அணைத்தார்கள்.

அதனால் சிக்னல் போனால் முதலில் சேவை எண்ணுக்குப் போன் செய்து, "செயற்கைக்கோள் மாறியிருக்கிறதா?" என்று கேளுங்கள். மாறியிருந்தால் டிஷ்ஷைத் திருப்புகிற கூலி மட்டும் கொடுங்கள். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் பகலில் சில நிமிஷம் படம் போனால், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்திருக்கிறது. ஆளைக் கூப்பிடவே வேண்டாம். வேதாரண்யம், கோடியக்கரை பக்கத்துக்காரர்கள் மட்டும் உப்புக்காற்றுக்கு வருஷம் ஒருமுறை நட்டுக்குக் கிரீஸ் போட்டு வையுங்கள். துருவேறி இறுகிவிட்டால் திருப்பும்போது கிளாம்பே உடைந்துவிடும், அப்போது நிஜமாகவே செலவு.