அழுகிய நகரமா, உளுத்த தொகுதியா?

அக்கா மகள் தமிழ் வழியில் இளங்கலை வரலாறு படிக்கிறாள். போன வாரம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள், கையேட்டை என் பக்கம் திருப்பி ஒரு வரியைக் காட்டினாள்: ‘1832ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தில் 56 அழுகிய நகரங்கள் ஒழிக்கப்பட்டன.’

“ஏன் மாமா, அத்தனை ஊரையும் இடிச்சிட்டாங்களா? கொள்ளைநோய் ஏதாவது வந்துச்சா?”

அவள் கேட்டதில் தப்பே இல்லை. தமிழ் தெரிந்த யார் படித்தாலும் அப்படித்தான் தோன்றும். இந்த ‘அழுகிய நகர’த்தை ஒரு மேடைப் பேச்சில் கேட்டேன், அப்புறம் ஒரு இதழில் படித்தேன், இப்போது மாணவர் கையேட்டிலும் வந்துவிட்டது. இதற்கு மேலும் பேசாமல் இருப்பது சரியில்லை.

மூலச்சொல் ராட்டன் பரோ (rotten borough). ராட்டன் என்றால் கெட்டுப்போன, அழுகிய. பரோவின் பழைய வடிவம் ‘பர்ஹ்’. கோட்டை, அரண் சூழ்ந்த இடம் என்று பொருள். எடின்பரோ என்ற பெயரின் கடைசியில் இருப்பதும் அதுதான். (நம் ‘புர’மும் இதுவும் ஒன்று என்று சொல்பவர்கள் உண்டு. ஓசை ஒத்துப்போகிறது, வேர் வேறு.) கோட்டை ஊரானது, ஊர் அரசரிடம் உரிமைகள் பெற்றது. நாடாளுமன்ற வழக்கில் பரோ என்றால், தனக்கென்று உறுப்பினரை அனுப்பும் உரிமை பெற்ற இடம். சொல்லின் உயிர் அந்த உரிமையில்தான் இருக்கிறது. வீடும் தெருவும் இருந்தால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இல்லாமல் போன இடம்தான் ஓல்ட் சாரம். வில்ட்ஷயர் பகுதியில் சாலிஸ்பரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மண்மேடு. மேட்டின்மேல் கோட்டையும் பேராலயமும் ஊரும் இருந்தன. 1220இல் கீழே சமவெளியில் புதுப் பேராலயத்துக்கு அடிக்கல் நட்டார்கள். மக்களும் இறங்கிப் போனார்கள். மேடு புல் மூடிக் கிடந்தது. ஆனால் 1295இலேயே நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பிய அந்த இடம், 1832 வரை இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது! அங்கே வாக்குரிமை மனைகளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மனைகளை யார் வாங்கினாரோ, இரண்டு இடங்களும் அவருக்கு. தேர்தல் நாளில் வயலில் நின்ற ஓர் எல்ம் மரத்தடியில் கூடுவார்கள், பெயரைச் சொல்வார்கள், கலைவார்கள். 1831இல் வாக்காளர்கள் 11 பேர். ஒருவருக்குக்கூட அங்கே வீடு இல்லை. அதே நேரத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த மான்செஸ்டருக்கு ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது.

இதை ‘நகரம்’ என்று எப்படி எழுத மனம் வருகிறது? நகரம் இல்லை என்பதுதானே இங்கே குற்றச்சாட்டே! 1832இல் வந்த நாடாளுமன்றச் சீர்திருத்தச் சட்டத்தால் பறிபோனது உறுப்பினர் அனுப்பும் உரிமை மட்டும். அப்படி உரிமை இழந்த இடங்களில் ஒன்று டன்விச். கடல் தின்று மிச்சம் வைத்த அந்த ஊர் அன்றும் கரையோரத்தில் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதனால் ‘தொகுதி’ என்றுதான் சொல்ல வேண்டும். தனித் தொகுதி, பொதுத் தொகுதி என்று நாள்தோறும் புழங்கும் சொல்தான் அது, யாருக்கும் விளக்க வேண்டாம்.

சரி, ‘அழுகிய தொகுதி’ என்று வைத்துக்கொள்ளலாமே என்றார் ஒரு நண்பர். அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசியல் தலைவர் மூத்த வில்லியம் பிட் 1766இல் இத்தொகுதிகளை அரசமைப்பின் ராட்டன் பகுதி என்றார். இது ஒரு நூற்றாண்டு தாங்காது, தானாக விழாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டும் என்றார். அவர் மனதில் இருந்தது அழுகிய உடலுறுப்புதான். பிட் நாடாளுமன்றத்துக்குள் முதலில் நுழைந்ததே 1735இல் ஓல்ட் சாரம் வழியாகத்தான். அவருடைய தாத்தா தாமஸ் பிட் 1698 முதல் 1709 வரை நம் சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். ஓல்ட் சாரம் அவர் வாங்கிய சொத்து.

இருந்தும் எனக்கு ‘அழுகிய’ வேண்டாம். அழுகுவது பழம், மீன், முட்டை. அழுகினால் நாறும், தொட்டால் கையில் ஒட்டும், தெருவுக்கே தெரியும். இந்தத் தொகுதிகளுக்கு வந்த நோய் அப்படிப்பட்டதில்லை. எங்கள் பழைய வீட்டில் பின்கட்டுக் கதவுக்கு ஒரு நிலை இருந்தது. பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஒருநாள் ஆணி அடிக்கப் போனபோது சுத்தியல் உள்ளே இறங்கிவிட்டது. மஞ்சள் மாவாகக் கொட்டியது. மேல்தோல் மட்டும்தான் நிலையாக நின்றிருக்கிறது. பாட்டி பார்த்துவிட்டு “உளுத்துப் போச்சு” என்றார். ஓல்ட் சாரம் அந்தக் கதவு நிலைதான். பெயர் இருந்தது, சாசனம் இருந்தது, இரண்டு நாற்காலிகள் இருந்தன. உள்ளே ஆள் இல்லை. உளுத்த தொகுதி என்று சொன்னால் கிராமத்துக் கிழவிக்கும் புரியும்.

‘ஊழல் தொகுதி’ என்பதையும் யோசித்தேன். ஊழல் என்பதற்குப் பழைய பொருளே பதனழிவுதான், ராட்டன் போலவே. வேரைப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் இன்று ஊழல் என்றதும் லஞ்சம்தான் நினைவுக்கு வரும். ஓல்ட் சாரத்தில் நடந்தது எல்லாம் சட்டப்படி நடந்தது. அதுதான் கொடுமை. பத்திரத்தோடு மனை வாங்கி, பத்திரத்தோடு நாடாளுமன்ற இடத்தை எடுத்துக்கொண்டார்கள். வேர் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், படிப்பவரைத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோகும் சொல் எனக்கு வேண்டாம்.

பாக்கெட் பரோவை ‘பை நகரம்’ என்று எழுதுவது இன்னும் மோசம். ஒருவர் சொன்னபடி ஆடும் தொகுதி அது, ஆள் நிறைய இருந்தாலும் சரி. ‘உடைமைத் தொகுதி’ என்று சொல்லலாம். ஓல்ட் சாரம் இரண்டுமாக இருந்தது. இன்றைய லண்டனின் 32 பரோக்கள் வெறும் உள்ளாட்சிப் பிரிவுகள். அவற்றைப் பரோ என்றே எழுதிவிடலாம், தமிழ் ஒன்றும் குறைந்துபோகாது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு வருத்தம் இதுதான். அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் படிக்கக்கூட மாட்டேன் என்கிறார்கள். இந்த வரலாற்றில் நம் பங்கும் கொஞ்சமில்லை. ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த பால் பென்ஃபீல்ட், தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை நாடாளுமன்றத்தில் உட்கார வைத்தார் என்று நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் 1785இல் அந்த அவையிலேயே குற்றம் சாட்டினார். கடனைத் தீர்க்க வரி கட்டியவர்கள் நவாப் ஆண்ட கர்நாடகப் பகுதியின் (இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை) உழவர்கள், அதில் பெரும்பாலும் தமிழர்கள். நம் நெல் அங்கே நாற்காலியான கதையை, நம் பிள்ளைகள் ஏதோ சாக்கடை நாறும் ஊர்க்கதை என்று படிக்கிறார்கள்.

கையேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு மேலே பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்: ‘1832ஆம் ஆண்டுச் சட்டம் 56 உளுத்த தொகுதிகளின் உறுப்பினர் உரிமையைப் பறித்தது.’ படித்துப் பார்த்தவள், “அப்ப ஊர் அங்கேயேதான் இருக்கா?” என்றாள்.