இலைக்கு மழை, பூவுக்கு நாள்காட்டி

பாலைவனப் பூக்கள் என்று தேடினால் திரையில் வந்து விழும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: அடிவானம் வரை மஞ்சளும் ஊதாவுமாய்க் கம்பளம் விரித்த தரை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிறு செடிகள் பாலைவனத்தில் வாழ்கின்றன என்பதைவிட, பாலைவனத்துக்கு டிமிக்கி கொடுக்கின்றன என்பதே சரி. நல்ல மழை பெய்த ஆண்டில் முளைத்து, சில வாரங்களில் பூத்து, விதையைப் போட்டுவிட்டுச் செத்துப்போகின்றன. வறட்சி வரும்போது அவை மண்ணுக்குள் விதையாக உறங்கிக்கொண்டிருக்கும். படம் எடுத்தவர்கள் கிளம்பிப் போய், கம்பளமும் சருகாகிப் பறந்த பிறகு, மீதி மாதங்களின் வெயில் முழுவதையும் வாங்கிக்கொண்டு அதே இடத்தில் நிற்பவை புதர்கள்தான். எனக்கு வியப்பு அவற்றின் மேல்தான்.

ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை விழும் நிலம் பாலைவனம் என்பது பொதுவான அளவுகோல். அந்த 250-ம் முறைவைத்து வருவதில்லை. ஓர் ஆண்டு ஏமாற்றும், மறு ஆண்டு ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும். ஓடி ஒளிய முடியாத ஒரு புதர் இதற்கு நடுவே உண்ண வேண்டும், வளர வேண்டும், போதாக்குறைக்குப் பூக்கவும் வேண்டும்.

உண்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது. ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயு வேண்டும். அதை உள்ளே விட இலை தன் நுண்துளைகளைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே ஓடுகிறது. ஒரு மூலக்கூறு கரியமில வாயுவை வாங்க, சாதாரணச் செடி நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளைப் பறிகொடுக்கிறது. ஈர நிலத்துச் செடிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பாலைவனத்தில் ஒவ்வோர் இலையும் திறந்துவிட்ட குழாய். பூவோ இன்னும் மோசம்: அதன் இதழ்களும் தண்ணீரை ஆவியாக்கும், பதிலுக்கு ஒரு துளி மாவுப்பொருள்கூடச் செய்து தராது. சுத்தச் செலவு.

இந்தச் செலவை ஒரு புதர் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்க, அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே பரந்து கிடக்கும் சொனோரா, சிவாவா பாலைவனங்களின் ஒக்கோட்டியோவைவிட நல்ல ஆள் கிடையாது. தூரத்தில் இருந்து பார்த்தால், ஒரு கட்டு முள்கம்பை மண்ணில் செருகி வைத்தது போல இருக்கும். அடியில் இருந்தே பிரிந்து ஐந்தாறு மீட்டர் உயரம் போகும், பெரும்பாலும் கிளை விடாத குச்சிகள். கள்ளி என்று நினைப்பவர்கள் உண்டு. கள்ளிக்கும் இதற்கும் உறவே இல்லை.

கிட்டப் போய் ஒரு முள்ளைப் பாருங்கள். அது முள்ளாகப் பிறந்ததல்ல. குச்சி புதிதாக நீளும்போது விடும் முதல் இலைக்கு ஒரு காம்பு உண்டு. இலை உதிரும்போது காம்பின் அடிப்பக்கம் மட்டும் குச்சியிலேயே ஒட்டிக்கொண்டு கெட்டிப்பட்டு முள்ளாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் குச்சியில் வரும் இலைகள் எல்லாம் அந்த முள்ளின் கக்கத்தில் இருந்து கொத்தாகத்தான் கிளம்பும். அங்கே மொட்டு எப்போதும் தயாராக இருக்கிறது. மழை பெய்தால் ஆழமில்லாமல் அகலப் பரந்த வேர்கள் ஈரத்தை உறிஞ்ச, இரண்டு மூன்று நாட்களில் குச்சி முழுக்கப் பச்சை பிடித்துவிடும். மண் காய்ந்ததும் இலைகள் மஞ்சளாகி உதிரும். அடுத்த மழைக்கு மறுபடியும் தளிர்க்கும். ஆண்டுக்கு ஒருமுறைதான் இலையுதிர்காலம் என்ற நியதி இதற்குக் கிடையாது. மழை எத்தனை முறையோ அத்தனை முறை.

அப்படியானால் பூவும் மழையைப் பார்த்துத்தானே வர வேண்டும்? இல்லை. ஒக்கோட்டியோ வசந்தத்தில் பூக்கிறது. மழை வந்ததா, இலை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மொட்டைக் குச்சியின் நுனியில், தீப்பந்தம் கொளுத்தியது போலச் செந்நிறக் குழல் பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். மெக்சிகோவில் குளிர்காலத்தைக் கழித்த ஹம்மிங் பறவைகள் வடக்கே திரும்பும் பருவம் அது. பூக்கும் காலமும் பறவைகள் வரும் காலமும் பொருந்திப்போவதை 1979-இல் நிக்கலஸ் வேசர் ஆராய்ந்து எழுதினார். ஆக, ஒரே செடியில் இலைக்கு ஒரு கணக்கு, பூவுக்கு வேறு கணக்கு. இலை மழையைப் பார்க்கிறது. பூ நாள்காட்டியைப் பார்க்கிறது.

இலையே இல்லாதபோது பூவுக்கு எங்கிருந்து வருகிறது முதல்? முந்தைய மழைகளில் இலைகள் சேர்த்துவைத்த உணவும் நீரும் தண்டில் இருக்கின்றன. அதோடு ஒரு சிக்கன ஏற்பாடும் உண்டு. ஒக்கோட்டியோவின் பட்டைக்குக் கீழே பச்சையம் கொண்ட திசு ஒன்று ஓடுகிறது. பட்டையின் வெடிப்புகளில் அந்தப் பச்சை கண்ணுக்கே தெரியும். செடியின் உயிரணுக்கள் சுவாசிக்கும்போது வெளிவிடும் கரியமில வாயு தப்பிப்போவதற்குள், அந்தத் திசு அதைப் பிடித்து மீண்டும் சர்க்கரையாக்கிவிடுகிறது. துளையைத் திறக்க வேண்டியதில்லை, தண்ணீரும் போகாது. இதில் வருமானம் எதுவும் இல்லை. கை நழுவியதைத் தரையில் விழும் முன் பிடித்துக்கொள்வது மட்டும்தான். வறட்சியில் அதுவே பெரிய காரியம்.

இலையை உதிர்ப்பது ஒரு வழி. மாற்றிக்கொள்வது இன்னொன்று. அதே வட்டாரத்தில் வளரும் பிரிட்டில்புஷ் சூரியகாந்திக் குடும்பத்துப் புதர். தண்டை வளைத்தால் படக்கென்று ஒடியும் என்பதால் இந்தப் பெயர். மழைக்குப் பின் அதன் இலைகள் பெரிதாக, பச்சையாக இருக்கும். வறட்சி முற்ற முற்ற, புதிதாக வரும் இலைகள் சிறுத்து, வெள்ளை ரோமம் அடர்ந்து சாம்பல் பூத்துப்போகும். அந்த ரோமங்கள் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. 1970-களில் ஜேம்ஸ் எலரிங்கர் குழுவினர் இதை அளந்தார்கள். கலிஃபோர்னியக் கடற்கரையில் வளரும் இதன் நெருங்கிய உறவுச்செடியின் வழவழப்பான இலை, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியில் ஏறத்தாழ 84 சதவீதத்தை உறிஞ்சியது. பாலைவனப் பிரிட்டில்புஷ்ஷின் மிக வெளுத்த இலைகளோ 30 சதவீத அளவில்தான் உறிஞ்சின. உணவு குறையத்தான் செய்யும். ஆனால் இலை வெந்துபோகாமல் பல டிகிரி குளிர்ச்சியாக இருக்கும், அந்தக் குளிர்ச்சிக்காகத் தண்ணீரை ஆவியாக்க வேண்டிய தேவையும் இராது.

இலையே வேண்டாம் என்று முடிவுகட்டியவையும் உண்டு. தார் பாலைவனத்தில் ‘கேர்’ என்று அழைக்கப்படும், ஆதொண்டை இனத்தைச் சேர்ந்த புதர் இளங்கிளைகளில் மட்டும் பேருக்குச் சில குட்டி இலைகளை விடும். அவையும் சீக்கிரம் கொட்டிவிடும். பிறகு எல்லா வேலையும் பச்சைத் தண்டுக்குத்தான். செங்கல் நிறப் பூக்கள் அந்த வெறுந்தண்டிலேயே வரும். எகிப்தின் சினாய், இஸ்ரேலின் நெகேவ் பக்கத்தில் வெள்ளைப் பூ பூக்கும் ரெட்டாமா புதரும் இந்த வகைதான். அதன் தந்திரம் இன்னும் கூர்மை. கோடையில் வெயில் நேரே அடிக்கும் மேல்தண்டுகள் தங்கள் இயக்கத்தை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டு உறங்கிவிடுகின்றன. அவற்றின் நிழலில் கீழ்த்தண்டுகள் தொடர்ந்து உழைக்கின்றன. தன் உடம்பின் ஒரு பாதியை மறுபாதிக்குக் குடையாகப் பிடிக்கும் செடி! உறங்கும் தண்டுக்குத் தண்ணீர் கிடைத்தால் ஒரு நாளுக்குள் எழுந்து வேலையைத் தொடங்கிவிடுகிறது என்று 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இத்தனைக்கும் நடுவே இலையையும் விடாமல், உறங்கவும் செய்யாமல் நிற்பது கிரியோசோட் புதர். மழை பெய்தால் மொஹாவி, சொனோரா, சிவாவா பாலைவனங்களில் கிளம்பும் மண்வாசனையில் பெரும்பங்கு இதன் பிசினுடையது. இலை என்பது ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள இரண்டு சிற்றிலைகள், அடியில் ஒட்டி, ஆட்டுக்குளம்பு போலப் பிளந்து நிற்கும். தொட்டால் கையில் ஒட்டும். அந்தப் பிசின்பூச்சு நீர் கசியாமல் காக்கிறது, மேய வரும் வாய்களையும் விரட்டுகிறது. ஆனால் இதன் உண்மையான பலம் வெளியே தெரியாது.

செடிக்குள் தண்ணீர் மேலே ஏறுவது யாரும் கீழிருந்து தள்ளுவதால் அல்ல. மேலே இலை ஆவியாக்க ஆவியாக்க, நீர்த்தொடர் ஒரு கயிறு போல இழுபட்டு ஏறுகிறது. மண் காயக் காய, அது தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், செடி இன்னும் வலுவாக இழுக்க வேண்டும். பெரும்பாலான பயிர்கள் 15 வளிமண்டல அழுத்தத்துக்கு இணையான இழுவிசை வரும்போது மீள முடியாமல் வாடிவிடும். கிரியோசோட் 50-ஐத் தாண்டியும் கொஞ்சமாவது ஒளிச்சேர்க்கை செய்கிறது. 80 அளவிலும் உயிரோடு இருக்கிறது. ஒரு கார் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தம் இரண்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இவ்வளவு இழுத்தால் கயிறு அறுந்துபோகும், அதாவது குழாயில் காற்றுக்குமிழ் புகுந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கத்தான் பாலைவனப் புதர்களின் நீர்க்குழாய்கள் குறுகலாக, தடித்த சுவரோடு அமைந்திருக்கின்றன. குறுகிய குழாயில் நீர் மெதுவாகத்தான் ஓடும், செடியும் மெதுவாகத்தான் வளரும். அவசரப்படாதது ஆயுளுக்குக் கொடுக்கும் விலை.

மண்ணுக்குக் கீழே நடப்பது தனிக் கதை. அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தைத் தோண்டும்போது, 53 மீட்டர் ஆழத்தில், நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் உறவான மெஸ்கீட் வகையின் வேர் என்று கருதப்படும் உயிருள்ள வேர் கிடைத்தது. யூட்டாவில், மாசிபத்திரியின் உறவான சேஜ்பிரஷ் புதரின் வேர்களை ரிச்சர்ட்ஸும் கால்டுவெல்லும் 1987-இல் ஆராய்ந்தபோது வேறொன்று தெரிந்தது. இரவில் இலைத்துளைகள் மூடியதும் ஆழத்தில் இருந்து ஏறும் தண்ணீர், மேல்வேர்களின் வழியே காய்ந்த மண்ணுக்குள் கசிகிறது. பகலில் புதர் அதையே மறுபடி குடித்துக்கொள்கிறது. பக்கத்துப் புல்லும் நோகாமல் அதில் பங்கு குடிக்கிறது.

எல்லா அண்டையும் இப்படித் தாராளமாக இருப்பதில்லை. பாலைவனத்தில் புதர்கள் இடைவெளி விட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1991-இல் மஹாலும் காலவேயும் வேர்களைக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வளரவிட்டுக் கவனித்தார்கள். கிரியோசோட்டின் வேர் அருகே வரும் மற்ற வேர்களின் வளர்ச்சி, தொடும் முன்பே தளர்ந்துவிட்டது. மண்ணில் ஏதோ ஒரு பொருளை அது விடுகிறது.

மறுபடி பூவுக்கு வருகிறேன். கிரியோசோட்டின் ஐந்து மஞ்சள் இதழ்கள் மின்விசிறியின் இறக்கை போல முறுக்கிக்கொண்டு நிற்கும். இது ஒக்கோட்டியோ மாதிரி நாள் தவறாமல் பூப்பதில்லை. கடும் வறட்சி வந்தால் பூக்காமலே ஆண்டைக் கடத்திவிடும், நல்ல மழைக்குப் பின் பருவம் தப்பியும் பூக்கும். ஏன் இந்த வித்தியாசம்? இதன் மகரந்தத்தை மட்டுமே நம்பி வாழும் தனித்தேனீ இனங்கள் 20-க்கும் மேல் இருக்கின்றன. அவை புதரின் காலடியில், அதே மண்ணுக்குள் வளர்கின்றன. வறண்ட ஆண்டில் கூட்டைவிட்டு வெளியே வராமல் அவையும் உறங்கிக் காத்திருக்கும். அதாவது தேனீயும் பூவும் ஒரே மழையைப் பார்த்து எழுகின்றன. ஹம்மிங் பறவையோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கிளம்புகிறது. வழியில் எங்கே மழை பெய்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? அது வரும் நாளில் பூ இருந்தாக வேண்டும். பூ எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறது என்பதைச் செடி மட்டும் முடிவு செய்வதில்லை, அதன் மகரந்தத்தைச் சுமப்பவரும் சேர்ந்தே முடிவு செய்கிறார் என்பது என் புரிதல்.

சுமப்பவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்: தச்சன் தேனீ. ஒக்கோட்டியோவின் குழல் பூவுக்குள் அதன் பருத்த உடம்பு நுழையாது. அடியில் கீறித் தேனைத் திருடும். ஆனால் மகரந்தத்தாள்கள் குழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், திருடப்போன இடத்தில் உடம்பெல்லாம் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. சகாரா முதல் தார் வரை பரவியிருக்கும் பாலைவன எருக்கிலோ இதே கூட்டத்தார்தான் முறையான தூதர்கள். எருக்கின் மகரந்தம் தூளாக இராது. இரட்டைப் பொட்டலமாகக் கட்டி, நடுவில் ஒரு கொக்கியோடு இருக்கும். பூவின் மேல் தடுமாறும் காலில் அது மாட்டிக்கொள்ளும். அந்தக் காலை உருவி எடுக்கத் தெம்புள்ள பெரிய தேனீதான் அதற்கு வேண்டும்.

மொஹாவி பாலைவனத்தில் ‘கிங் க்ளோன்’ என்று பெயரிடப்பட்ட கிரியோசோட் ஒன்று இருக்கிறது. நடுத்தண்டு செத்துச் செத்து, ஓரத்தில் புதுத்தண்டு கிளம்பிக் கிளம்பி, இப்போது அது ஒரு பெரிய வளையம். அதிகபட்ச விட்டம் சுமார் 20 மீட்டர். வளர்ச்சி வேகத்தையும் ரேடியோகார்பன் கணிப்பையும் வைத்து ஃபிராங்க் வாசெக் அதன் வயதை ஏறத்தாழ 11,700 ஆண்டுகள் என்று கணித்தார். இத்தனை காலமும் அது தொடர்ந்தது விதையால் அல்ல, தன்னைத்தானே பகிர்ந்துகொண்டு. பூச்செலவை அது எப்போதோ நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றும். மழை வந்தால் அந்த வளையத்தைச் சுற்றி இப்போதும் மஞ்சள் பூக்கள் வருகின்றன. முதல் தண்டு நின்றிருந்த நடுவிடத்தில் வெறும் மண்தான்.