ஜைனிச்சி: யாரென்று சொல்லாமல் ஒரு மக்களைச் சுட்டும் சொல்

ஜப்பானில் முகாமிட்டுள்ள அமெரிக்கப் படைகளை ஜப்பானியச் செய்தித்தாள்கள் ‘ஜைனிச்சி பேகுன்’ என்று எழுதுகின்றன. டோக்கியோவில் வேலை பார்க்கும் இந்தியர் அங்கே ‘ஜைனிச்சி இந்தோஜின்’. ஆனால் பின்னால் எதையும் சேர்க்காமல் ‘ஜைனிச்சி’ என்று மட்டும் சொன்னால், கேட்கும் ஜப்பானியரின் மனத்தில் அமெரிக்கரோ இந்தியரோ தோன்றமாட்டார். கொரியர்தான் தோன்றுவார்.

சொல்லைப் பிரித்தால் சீன எழுத்துகள் இரண்டு. ‘ஜை’ என்றால் ஓரிடத்தில் இருத்தல். ‘நிச்சி’ என்றால் சூரியன். ‘நிஹோன்’ என்னும் ஜப்பானின் பெயரில் முதல் எழுத்தும் அதுவே. ஆக, ‘ஜப்பானில் இருக்கும்’ என்பதுதான் முழுப்பொருள். யார் இருக்கிறார்கள், எப்போது வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்ற எதுவும் சொல்லுக்குள் இல்லை. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, ஜப்பானிய மொழியைத் தவிர வேறொன்றும் அறியாத நான்காம் தலைமுறைக் குழந்தையும் இந்தச் சொல்லின்படி அந்நாட்டில் ‘இருப்பவர்’ மட்டுமே. விருந்தாளியைக் குறிக்கவும் இதுவே போதும். இதைத் தமிழாக்கும்போது நான் தயங்குவது இங்கேதான்.

இந்த இரண்டு எழுத்துகளையே கொரிய மொழியில் ‘சேயில்’ என்பதுபோல் ஒலிப்பார்கள். கொரிய மொழியில் சொல்லின் முதலில் ஜ, க, ட போன்ற மெய்கள் அதிர்ந்து ஒலிப்பதில்லை. இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்தால் அதிரும். தமிழருக்கு இது புதிதன்று. ‘காகம்’ என்று சொல்லிப் பார்த்தால் முதல் ககரமும் இரண்டாம் ககரமும் வேறுவேறாக ஒலிப்பது கேட்கும். இந்த ஒலி வேறுபாடு ஒரு காலத்தில் உயிரைக் குடித்தது. 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி டோக்கியோ, யோகோஹாமா பகுதியை நிலநடுக்கம் தகர்த்தபோது, கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. காவல் குழுக்கள் தெருக்களை மறித்து, வருவோர் போவோரை நிறுத்தி, ‘பதினைந்து யென் ஐம்பது சென்’ என்பதை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். பதினைந்தைக் குறிக்கும் ‘ஜூகோ’ என்று தொடங்க வேண்டியது ‘சூகோ’ என்று வந்தால் அவர் கொரியர். ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். ‘ஜைனிச்சி’ என்று எழுதும்போது முதல் எழுத்திலேயே எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

இவர்கள் எப்படி அங்கே வந்தார்கள்? 1910-இல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. நிலம் இழந்த உழவர்கள் வேலை தேடிக் கடல் கடந்தார்கள். 1920-களில் கொரியாவின் ஜேஜூ தீவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே நேரடிக் கப்பல் ஓடியது. ஒசாகாவின் இகுனோ பகுதி இன்றும் கொரியக் கடைத்தெருவுக்குப் பெயர் போனதற்கு அந்தக் கப்பலும் ஒரு காரணம். 1939 முதல் போர்க்கால ஆள்திரட்டலில் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டவர்கள் தனிக் கூட்டம். 1945-இல் போர் முடிந்தபோது ஜப்பானில் இருந்த கொரியர் ஏறக்குறைய 20 லட்சம். பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். ஆனால் திரும்புவோர் 1,000 யென்னுக்கு மேல் கையில் கொண்டுபோக முடியாது என்று விதி இருந்தது. கொரியாவிலோ பஞ்சமும் அரசியல் கொந்தளிப்பும். சுமார் 6 லட்சம் பேர் தங்கிவிட்டார்கள்.

தங்கியவர்களின் குடியுரிமை அரசாணைகளாலேயே பறிபோனது. போர்க்காலம் வரை அவர்கள் பேரரசின் குடிமக்கள். ஜப்பானில் வாழ்ந்த கொரிய ஆண்களுக்கு வாக்குரிமைகூட இருந்தது. 1932-இல் ஒரு கொரியர் ஜப்பானிய நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1945 டிசம்பரில் வாக்குரிமை நிறுத்தப்பட்டது. 1947 மே 2 அன்று, அதாவது ஜப்பானின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாள், ஓர் ஆணை வந்தது: கொரியர்கள் ‘தற்போதைக்கு’ அயலாராகக் கருதப்படுவார்கள். 1952 ஏப்ரல் 28-இல், ஜப்பானோடு அமைதி செய்துகொண்ட சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும் அந்தத் ‘தற்போதைக்கு’ நிரந்தரமாகிவிட்டது. விருப்பம் என்னவென்று எவரையும் கேட்கவில்லை. ஜப்பானில் பெற்றோர் வழியாகவே குடியுரிமை வருவதால், அங்கே பிறந்த குழந்தைகளும் அயலாராகவே பிறந்தார்கள். அயலார் பதிவு அட்டை, பின்னர் அதற்காகக் கைரேகை. 1980-களில் பலர் ரேகை வைக்க மறுத்து வழக்கைச் சந்தித்தார்கள். 1993-இல்தான் இவர்களுக்கு அந்த விதி நீங்கியது.

பதிவேட்டில் இவர்களின் நாடு என்ற இடத்தில் முதலில் எழுதப்பட்டது ‘சோசென்’. கொரியத் தீபகற்பத்துக்கான பழைய பெயர் அது. 1948-இல் இரண்டு கொரிய அரசுகள் எழுந்த பிறகு சிலர் அதைத் தென்கொரியாவைக் குறிக்கும் ‘கான்கோகு’ என்று மாற்றிக்கொண்டார்கள், சிலர் மாற்றவில்லை. மாற்றாதவர்களை ‘வடகொரியர்’ என்று மொழிபெயர்ப்பது தவறு. பிரிவதற்கு முந்தைய கொரியாவே தம் நாடு என்பதால் அந்தப் பெயரை விடாதவர்களும் அவர்களுள் உண்டு.

வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையிலும் இந்தச் சொல்லின் கதை இருக்கிறது. ‘கிம்’ என்ற குடும்பப் பெயரைப் பொன் என்று பொருள்படும் ஓர் எழுத்தால் எழுதுவார்கள். ஜப்பானில் அதனோடு வயலுக்கான எழுத்தைச் சேர்த்து ‘கானெதா’ ஆக்கிக்கொண்ட குடும்பங்கள் பல. பொன் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஒரு வயல் வந்து அதை மறைத்துக்கொள்கிறது. கொரியர்கள் ஜப்பானிய முறையில் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற 1940-இன் கொள்கை இதற்கு ஒரு தொடக்கம். வேலையும் வாடகை வீடும் கிடைக்க வேண்டுமே என்ற அச்சம் பிறகு அதைத் தொடரவைத்தது. ஜப்பானியப் பெயரில் விண்ணப்பித்து ஹிட்டாச்சி நிறுவனத் தேர்வில் வென்ற ஓர் இளைஞருக்கு, அவர் கொரியர் என்று தெரிந்ததும் வேலை மறுக்கப்பட்டது. யோகோஹாமா நீதிமன்றம் 1974-இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

இனி தமிழுக்கு வருவோம். ‘புலம்பெயர்ந்த கொரியர்’ என்பது தாத்தா பாட்டிக்குப் பொருந்தும், பேரனுக்குப் பொருந்தாது; அவன் எங்கிருந்தும் பெயரவில்லை. ‘அகதிகள்’ என்பது எல்லோருக்கும் பொருந்தாது. ‘கொரிய வம்சாவளி ஜப்பானியர்’ என்றால், இல்லாத குடியுரிமையைக் கொடுத்ததாகிவிடும். ஜப்பானியக் குடியுரிமை பெற்றுக்கொண்டவர்களுக்கு மட்டுமே அது சரி.

என் தேர்வு ‘ஜப்பான்வாழ் கொரியர்’. மும்பைவாழ் தமிழர் என்று நாம் அன்றாடம் எழுதும் அதே ‘வாழ்’. ‘இருக்கும்’ என்பதைவிட ‘வாழும்’ என்பது கனமான சொல். வேர் பிடித்ததையும் சொல்கிறது. இன்னொன்று, இது வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம் என்று இலக்கணம் சொல்லும். வாழ்ந்த கொரியர், வாழ்கின்ற கொரியர், வாழும் கொரியர் என முக்காலத்துக்கும் விரியும். ‘தற்போதைக்கு’ என்ற ஆணை பறித்ததைத் தமிழ் ஒரே அசையில் திருப்பித் தருகிறது என்றே நான் நினைக்கிறேன். வடக்கா தெற்கா என்ற சிக்கலும் நமக்கு இல்லை. ஜப்பானிய மொழியில் ‘சோசென்’ என்றாலும் ‘கான்கோகு’ என்றாலும் ஒரு பக்கம் சாய்ந்ததாகத் தோன்றிவிடும். 1984-இல் என்எச்கே ஒலிபரப்பு நிறுவனம் கொரிய மொழிப் பாடத்தைத் தொடங்கியபோது மொழியின் பெயரைத் தவிர்த்து எழுத்தின் பெயரால் ‘ஹங்குல் பாடம்’ என்று வைக்க வேண்டியிருந்தது. தமிழில் ‘கொரியர்’ என்றால் இரு பக்கத்தாரும் அடக்கம்.

ஒரு குறை உண்டு. 1980-களுக்குப் பின் படிக்கவும் தொழில் செய்யவும் வந்த தென்கொரியர்களும் ஜப்பானில் வாழ்பவர்களே. ஆகவே, கட்டுரையில் முதன்முறை வரும் இடத்தில் ‘ஜைனிச்சி எனப்படும் ஜப்பான்வாழ் கொரியர்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதலாம். பிறகு தமிழ்ச்சொல் தனியே நிற்கும். பின்னால் வந்தவர்களை ‘அண்மைக் குடியேறிகள்’ என்று பிரித்துவிடலாம். 1991-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய குடும்பங்களுக்குத் தந்த தகுதியைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘சிறப்பு நிரந்தரக் குடியிருப்பாளர்’ என்பதே சரி. அது சட்டம் இட்ட பெயர், அந்த மக்களின் பெயரன்று.